வாதி: ஓர் இடிந்த கோயில்

(சட்டக் கல்லூரி மாணவர்கள் முன் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சிவன் கோயிலில் கருவறையைச் சுற்றி வரும்போது வடபுறத்தில், கோமுகிக்குப் பக்கத்தில், தெற்குப் பார்த்த ஒரு சின்னச் சன்னிதி இருக்கும். சண்டிகேசுவரர் சன்னிதி. அங்கே நின்று எல்லாரும் கையைத் தட்டுவோம். தியானத்தில் இருக்கிறவரை இப்படித் தட்டி எழுப்பக் கூடாது என்று குருக்கள் கடிந்துகொள்வார். நான் சிறுவனாக இருந்தபோது என் பாட்டி இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டி, தூசியைத் தட்டுவதுபோல மெல்லத் தட்டச் சொல்வாள். "சாமி, உன் வீட்டுலேருந்து நான் ஒண்ணும் எடுத்துக்கிட்டுப் போகலே, பார்த்துக்க" என்று சொல்லவும் சொல்வாள். சிவன் சொத்து குல நாசம் என்று வளர்க்கப்பட்ட தலைமுறை அது.

பாட்டிக்குச் சட்டம் தெரியாது. ஆனால் அவள் சொன்னதில் ஒரு சட்டக் கோட்பாடு முழுதாக இருந்தது. கோயிலில் இருப்பதெல்லாம் சிவனின் உடைமை. அதைக் கணக்குப் பார்க்க ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். வெளியே போகிறவன் அவரிடம் கையைக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். சோழர் காலக் கல்வெட்டுகளைப் படித்தவர்களுக்கு இதன் வேர் தெரியும். கோயில் நிலத்தை விற்றாலும் வாங்கினாலும், பொன்னை வட்டிக்குக் கொடுத்தாலும், ஆவணம் ஆதிசண்டேசுவரர் பெயரில்தான் எழுதப்பட்டது. அரசனின் பெயரிலோ அர்ச்சகரின் பெயரிலோ அல்ல. சிவன் சொத்துக்காரர், சண்டேசுவரர் அவருடைய காரியக்காரர். சட்டத்தின் கண்ணில் ஓர் ஆள் என்று நீங்கள் முதலாண்டில் படிக்கிற பாடம் நம் ஊரில் கருங்கல்லில் வெட்டி வைக்கப்பட்டிருக்கிறது.

அந்தப் பாடம் ஆங்கிலேய நீதிபதிகளின் முன் வந்து நின்ற வழக்கைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். சட்ட அறிக்கைகளில் அதற்கு 'பம்ப்பர் டெவலப்மெண்ட் கார்ப்பரேஷன் எதிர் லண்டன் மாநகரக் காவல் ஆணையர்' என்று பெயர். நாம் அதைப் பத்தூர் நடராசர் வழக்கு என்று சொல்வோம்.

பத்தூர் அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தில், இன்றைய திருவாரூர் மாவட்டத்தில் இருக்கும் ஊர். அங்கே விசுவநாத சுவாமி கோயில் என்று ஒன்று இருந்தது. 12, 13-ஆம் நூற்றாண்டுக் காலத்தது. 1976-இல் அது கோயிலாக இல்லை. சுவர் சரிந்து, கல் சிதறி, பூசையும் விளக்கும் இல்லாமல் கிடந்தது. அந்த இடத்துக்குப் பக்கத்தில் குடிசை போட்டிருந்த ஒரு கூலித் தொழிலாளி மண் வெட்டும்போது மண்வெட்டி உலோகத்தில் தட்டியது. தோண்டிப் பார்த்தால் செப்புத் திருமேனிகள், அவற்றுள் ஒரு நடராசர்.

மண்ணுக்குள் எப்படிப் போயின? காவிரிக் கரையில் இது புதுக்கதை அல்ல. 1311-இல் மாலிக் காபூரின் படை தெற்கே வந்தது. அதற்குப் பின்னும் படையெடுப்புகளும் கலவரங்களும் இருந்தன. தூக்கிக்கொண்டு ஓட முடியாத திருமேனிகளை ஊரார் மண்ணுக்குள் புதைத்துக் காத்தார்கள். அமைதி திரும்பியதும் எடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணியிருப்பார்கள். புதைத்த இடம் தெரிந்தவர்கள் இறந்துபோனார்கள். தஞ்சைக் கலைக்கூடத்தில் விடைமேல் சாய்ந்து நிற்கும் பாவனையில் ஒரு ரிஷபவாகனரைப் பார்த்திருப்பீர்கள். விடை இருந்த இடம் வெறுமையாக இருக்கும். திருவெண்காட்டு மண்ணிலிருந்து 1950-களில் எழுந்து வந்தவர் அவர். ஆக, பத்தூர்க் குழியை ஒரு புதையல் என்று மட்டும் பார்க்காதீர்கள். யாரோ நம்பிக்கையோடு வைத்த அடைக்கலப் பொருள் அது.

அந்தத் தொழிலாளி என்ன செய்திருக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் சொல்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது மண்ணில் கிடைத்தாலும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். அரசு எடுத்துக்கொண்டால் பொருளின் உலோக மதிப்பும் அதில் ஐந்தில் ஒரு பங்கும் சேர்த்துக் கிடைக்கும். குடிசையில் இருந்த மனிதருக்கு இதை யார் சொன்னார்கள்? அவரைத் திருடன் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அவர் கைக்கு வந்தது சொற்பம். ஒரு கை மாறி, இரண்டு கை மாறி, ஊர்த் தரகர், பட்டணத்துத் தரகர் என்று போய், கடைசியில் நடராசர் கடல் தாண்டிவிட்டார். தொல்பொருள்களைத் தனியார் நாட்டைவிட்டுக் கொண்டுபோவதைத் தடுக்கும் 1972-ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1976 ஏப்ரலில். குழி வெட்டப்பட்டது அதே ஆண்டில்.

1982-இல் கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தைச் சேர்ந்த பம்ப்பர் நிறுவனம் லண்டனில் ஒரு வணிகரிடம் இந்த நடராசரை வாங்கியது. எங்கிருந்து வந்தது என்று வணிகர் காட்டிய கதையும் காகிதமும் பொய். நிறுவனம் அதை நம்பித்தான் வாங்கியது. நீதிமன்றமும் இதை ஏற்றுக்கொண்டது. ஆய்வுக்கும் பராமரிப்புக்குமாகச் சிலை பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போனது. அங்கிருந்தபோது லண்டன் காவல்துறை அதைக் கைப்பற்றியது. நிறுவனம் உடனே காவல் ஆணையர்மேல் வழக்குப் போட்டது: என் பொருளைக் கொடு.

எதிர்ப்பக்கத்தில் வந்து நின்றவர்களைப் பாருங்கள். இந்திய ஒன்றிய அரசு. தமிழ்நாடு அரசு. கோயிலின் தக்கார். கோயில். அந்தக் கோயிலின் சிவலிங்கம். ஐந்து உரிமை கோருநர்கள். முதல் மூவரும் ஆங்கிலச் சட்டத்துக்குப் பழக்கமானவர்கள்: இரண்டு அரசுகள், ஒரு மனிதர். நான்காவதும் ஐந்தாவதும்தான் அந்த வழக்கை வழக்காக்கின.

தக்கார் என்ற சொல்லைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். 1959-ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின்கீழ், அறங்காவலர் இல்லாத கோயிலின் காரியத்தைப் பார்க்க நியமிக்கப்படுகிறவர் தக்கார். அலுவலகக் கோப்பில் தேய்ந்துபோன சொல். ஆனால் அதன் பொருள் பெரியது. கோயிலுக்காகப் பேசத் தகுதி உடையவர். கல்வெட்டில் சண்டேசுவரர் செய்த வேலையை இன்றைய அரசாணையில் செய்கிறவர் அவர். இடிந்து கிடந்த பத்தூர்க் கோயிலுக்கு ஒரு தக்காரை நியமித்ததால்தான் அதற்கு லண்டன் வரை வாய் கிடைத்தது.

வழக்கில் இரண்டு கேள்விகள். இந்த நடராசர் அந்தக் குழியிலிருந்து வந்தவர்தானா? ஆமென்றால், அவரைக் கேட்க யாருக்கு உரிமை?

முதல் கேள்வி எளிது என்று நினைத்துவிடாதீர்கள். இந்தச் சிலையைப் பத்தூர்க் கோயிலில் கண்ணால் கண்டவர் உயிரோடு ஒருவரும் இல்லை. பல நூற்றாண்டாக யாரும் கண்டதில்லை. புகைப்படம் கிடையாது, கோயில் சொத்துப் பதிவேட்டில் வரி கிடையாது. திருடியவர்கள் விலாசம் எழுதி வைத்துவிட்டுப் போவதில்லை. இதே காலத்தில் நடந்த இன்னொரு வழக்கோடு ஒப்பிட்டால் இதன் கடினம் விளங்கும். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் உள்ள சிவபுரம் நடராசர் 1951-இல் மண்ணிலிருந்து கிடைத்தவர். பழுது பார்க்கக் கொடுத்த இடத்தில் நகல் செய்யப்பட்டு, நகல் கோயிலுக்குத் திரும்பியது. அசல் அமெரிக்கா போய், கலிபோர்னியாவில் நார்ட்டன் சைமன் என்ற சேகரிப்பாளர் கைக்குச் சேர்ந்தது. கோயிலில் இருப்பது நகல் என்று 1965-லேயே பிரிட்டிஷ் அருங்காட்சியகத்து அறிஞர் டக்ளஸ் பாரட் எழுதிவிட்டார். அங்கே அசல் எது என்பதில் சண்டை இல்லை. இந்தியா வழக்குப் போட்டது, 1976-இல் சமரசம் ஆனது, பத்தாண்டுகள் அங்கேயே இருந்துவிட்டு 1986-இல் சிவபுரம் நடராசர் நாடு திரும்பினார். சமரசம் என்பதால் தீர்ப்பு இல்லை. தீர்ப்பு இல்லாததால் அடுத்த கோயிலுக்கு அதனால் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. சமரசத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் வழக்கறிஞர் ஆகப் போகிற நீங்கள் இந்த வேறுபாட்டை மனத்தில் வையுங்கள்.

பத்தூரில் என்ன சாட்சி இருந்தது? அதே குழியில் கிடைத்த மற்ற சில திருமேனிகள் இருந்தன. அவை நாட்டைவிட்டுப் போகும் முன் மீட்கப்பட்டிருந்தன. ஆகவே கேள்வி இப்படி மாறியது: லண்டனில் இருப்பவர் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவரா?

இங்கேதான் ஸ்தபதியின் தொழில் சாட்சிக்கு வருகிறது. நம் செப்புத் திருமேனிகள் மெழுகு வார்ப்பில் செய்யப்படுகின்றன. முதலில் மெழுகில் உருவம் பிடித்து, அதன்மேல் வண்டல் மண் பூசி, சுட்டு, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றி, ஆறியதும் மண்ணை உடைக்கிறார்கள். அச்சு அதோடு அழிந்துபோகும். ஒரு மெழுகு, ஒரு மண், ஒரு திருமேனி. ஒவ்வொரு சிலையும் தனி. ஆனால் ஒரே பட்டறைக் கை எங்கே போனாலும் தன்னைக் காட்டிக்கொடுக்கும். அணியின் முடிச்சில், மணிவரிசையின் நெருக்கத்தில், பீடத்தின் இதழ் மடிப்பில். இதைப் படிக்கத் தெரிந்தவர் வேண்டும். தமிழ்நாடு தொல்லியல் துறையின் முதல் இயக்குநர் இரா. நாகசாமி லண்டனில் சாட்சிக் கூண்டில் நின்று அதைப் படித்துக் காட்டினார். எதிர்த்தரப்பும் தன் பங்குக்கு வல்லுநர்களைக் கொண்டுவந்தது. நாகசாமியின் சாட்சியத்துக்கு நீதிபதி பெருமதிப்பு அளித்தார். கோயில் கோயிலாக ஏறி இறங்கி, இருட்டுக் கருவறையில் விளக்கைப் பிடித்துச் சிலை பார்த்த ஒரு மனிதரின் அறிவு அது. 2022-இல் அவர் மறைந்தபோது அஞ்சலிகளில் அவர் எழுதிய நூல்களைப் பற்றியே அதிகம் பேசினார்கள். நான் அந்த சாட்சிக் கூண்டை நினைத்துக்கொண்டேன்.

அடுத்தது மண். பல நூற்றாண்டு புதைந்து கிடந்த உலோகத்தில் மண் ஒட்டியிருக்கும், அதை ஆராய்ந்தார்கள். பிறகு கரையான். கரையான் செப்பைத் தின்னாது. ஆனால் ஈரத்தைத் தேடிப் போகும் வழியில் எது குறுக்கே வந்தாலும் அதன்மேல் மண்ணால் சுரங்கம் கட்டிக்கொண்டே போகும். அந்தத் தடம் உலோகத்தில் தங்கிவிடும். நடராசர் மேலும் தடம் இருந்தது. அதுவும் நீதிமன்றத்தில் ஒப்பிட்டுப் பேசப்பட்டது. சிலைக்கடத்தலைப் பற்றி நான் படித்த எதிலும் இந்த ஒரு செய்தியைப் போல என்னை உலுக்கியது வேறில்லை. தரகர்கள் காகிதத்தில் பொய் எழுதினார்கள். பத்தூர் மண்ணில் ஊர்ந்த கரையான் எழுதி வைத்ததை அவர்களால் அழிக்க முடியவில்லை.

1988-இல் நீதிபதி இயன் கென்னடி தீர்ப்புச் சொன்னார்: இது பத்தூர் நடராசர்தான். நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போனது.

நிறுவனம் நல்லெண்ணத்தோடு காசு கொடுத்து வாங்கியதே, அதற்கு மதிப்பில்லையா என்று கேட்பீர்கள். தன்னிடம் இல்லாத உரிமையை ஒருவன் இன்னொருவனுக்குக் கொடுக்க முடியாது என்பது ஆங்கிலச் சட்டத்தின் பழைய விதி. வாங்கியவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், சங்கிலியின் முதல் கண்ணி திருட்டு என்றால் கடைசிக் கண்ணிக்கு உரிமை வராது. அவருடைய வழக்கு அவரிடம் பொய் சொல்லி விற்றவர்மேல்தான்.

ஆனால் திருட்டு என்றால் யாரிடமிருந்து? உரிமையாளர் இருந்தால்தானே திருட்டு? இங்கே வருகிறது இரண்டாவது கேள்வி. கோயிலோ இடிபாடு. கும்பிட ஆள் இல்லை. அது எப்படிச் சொத்துக்கு உரிமையாளராகும்? எப்படி இங்கிலாந்துக்கு வந்து வழக்காடும்?

ஆங்கிலச் சட்டத்துக்கு இது உண்மையிலேயே சங்கடமான கேள்வி. அவர்களுக்கும் மனிதரல்லாத ஆட்கள் உண்டு: கம்பெனி உண்டு, நகராட்சி உண்டு, தேவாலயத்துப் பாதிரியார் பதவியையே ஓர் ஆளாகக் கொள்வதும் உண்டு. ஆனால் எதை எடுத்தாலும் உள்ளே மனிதர்கள் இருப்பார்கள், ஒரு கூட்டமாகவோ வழிவழியாகவோ. பத்தூரில் இருந்ததோ, ஒரு பார்வையில் வெறும் கற்குவியல். மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்தத் தயக்கத்தை மறைக்காமல் தீர்ப்பிலேயே எழுதியது. அதை நான் மதிக்கிறேன். புரியாததைப் புரிந்ததுபோல் எழுதாத தீர்ப்பு அது.

இந்தியச் சட்டத்தில் இதற்கு விடை அப்போதே பழையது. தெய்வம் சட்டத்தின் கண்ணில் ஓர் ஆள் என்று லண்டனில் இருந்த பிரிவி கவுன்சிலே 1925-இல் கல்கத்தாவின் மல்லிக் குடும்ப வழக்கில் சொல்லிவிட்டது. வீட்டுத் தெய்வத்தை யார் எங்கே வைத்து வழிபடுவது என்ற சண்டை அது. தெய்வத்தின் விருப்பத்தையும் கேட்க வேண்டும், அதற்காகப் பேச வழக்கில் நலன் இல்லாத ஒருவரை நியமிக்க வேண்டும் என்றார்கள் அந்த நீதிபதிகள். பிறகு நம் உச்ச நீதிமன்றம் 1969-இல் தெய்வத்துக்கு வருமான வரியும் உண்டு என்றது. 2019-இல் அயோத்தி வழக்கில் ராம் லல்லா விராஜ்மான் வாதியாக ஏற்கப்பட்டதும், பிறந்த இடமே ஓர் ஆள் என்ற வாதம் ஏற்கப்படாததும் உங்களுக்குத் தெரியும். அந்த வழக்குக்குள் நான் இன்று போகவில்லை. அதற்குத் தனிப் பொழுது வேண்டும்.

ஆனால் லண்டன் நீதிமன்றத்துக்கு இந்தியச் சட்டம் வெளிநாட்டுச் சட்டம். அங்கே வெளிநாட்டுச் சட்டம் என்பது ஒரு சங்கதி. வல்லுநர் சாட்சி சொல்லித்தான் அதை நிரூபிக்க வேண்டும். பாட்டி கையைத் தட்டிச் சொன்னதை வழக்கறிஞர்கள் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்து சொல்ல வேண்டியிருந்தது. சொன்னார்கள்.

1991 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் தீர்ப்பை நீதிபதி பர்ச்சஸ் வழங்கினார். அதன் சாரத்தை என் சொற்களில் சொல்கிறேன். தமிழ்நாட்டுச் சட்டப்படி அந்தக் கோயில் ஓர் ஆள். எங்கள் நாட்டுக் கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ இந்தத் தகுதி இல்லை என்பதற்காக, தன் நாட்டில் ஆளாக இருக்கும் ஒருவரை எங்கள் வாசலில் தடுத்து நிறுத்த முடியாது. நட்பு நாட்டின் சட்டத்துக்கு மதிப்புக் கொடுப்பது முறை. கோயில் தன் தக்கார் வழியாக இங்கே வழக்காடலாம். நடராசர் அந்தக் கோயிலுக்கு உரியவர். கோயிலின் உரிமையே போதும் என்றாகிவிட்டதால் மற்றவர்களின் கோரிக்கைக்குள் ஆழமாகப் போக வேண்டிய தேவை எழவில்லை.

வென்றது இந்திய அரசு இல்லை, தமிழ்நாடு அரசும் இல்லை. இதை நான் அழுத்திச் சொல்கிறேன். பத்திரிகைகள் எல்லாம் 'இந்தியா வென்றது' என்றே எழுதும். நாமும் அப்படித்தான் பேசுகிறோம். தீர்ப்பு அப்படிச் சொல்லவில்லை. பூசை நின்று, கூரை விழுந்து, ஊரே மறந்துபோன பிறகும் கோயிலின் உரிமை உயிரோடு இருந்தது என்று சொல்கிறது தீர்ப்பு. உரிமையாளர் பேச முடியாதவராக இருப்பது உரிமை போனதாக ஆகாது. அவருக்குப் பேச ஆள் இல்லாமல் போனதுதான் நேர்ந்தது. கைவிடப்பட்ட கோயில் என்று நாம் எளிதாகச் சொல்லும் சொல்லைச் சட்டம் ஏற்கவில்லை.

1991-லேயே நடராசர் தமிழ்நாடு திரும்பினார்.

அதற்குப் பின்வந்த வழக்குகளில் சாட்சியம் எளிதாயிற்று. அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் நடராசரை ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008-இல் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பல்லாண்டு முன்பே கோயில் கோயிலாக எடுத்து வைத்திருந்த படங்களில் அவர் இருந்தார். படத்தையும் சிலையையும் பக்கத்தில் வைத்தபின் வாதாட ஒன்றும் மிஞ்சவில்லை. 2014-இல் ஆஸ்திரேலியப் பிரதமரே டெல்லிக்குக் கொண்டுவந்து கொடுத்தார். அதை அவர்களுக்கு விற்ற வணிகர் சுபாஷ் கபூருக்குக் கும்பகோணம் நீதிமன்றம் 2022-இல் பத்தாண்டு தண்டனை விதித்தது. ஒரு புகைப்படம் இருந்தால் கரையானைச் சாட்சிக்குக் கூப்பிட வேண்டியதில்லை. உங்கள் ஊர்ச் சிறு கோயிலில், ஒற்றைக் குருக்களும் ஒரு பூட்டும் மட்டும் காவலாக இருக்கும் கோயிலில், உற்சவர் படம் அளவோடு எடுத்துப் பதிவேட்டில் சேர்ந்திருக்கிறதா என்று போய்க் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

கடைசியாக, என் மனத்தில் கிடக்கும் ஒன்றைச் சொல்லாமல் இறங்க மாட்டேன். திரும்பி வந்த நடராசர் பத்தூருக்குப் போகவில்லை. திருவாரூர் தியாகராசர் கோயில் வளாகத்தில் இருக்கும் திருமேனிகள் பாதுகாப்பு மையத்தில் வைக்கப்பட்டார். காரணம் எனக்குப் புரியாமல் இல்லை. ஒரு முறை களவு போனவர். சிற்றூர்க் கோயிலில் பூட்டு எந்த அளவு தாங்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். திரும்பவும் போய்விட்டால் யார் பொறுப்பு என்று அதிகாரி அஞ்சுவது நியாயமான அச்சம்.

இருந்தாலும் தீர்ப்பின் நகலை எடுத்துப் பாருங்கள். அதில் உரிமையாளர் என்று இருப்பது பாதுகாப்பு மையம் அல்ல, அறநிலையத் துறையும் அல்ல; பத்தூர் விசுவநாத சுவாமி கோயில். தக்கார் லண்டனுக்கு வந்தது கோயிலின் வாயாக. அந்த வேலை சிலை சென்னைக்கு வந்த அன்று முடிந்துவிட்டதா? கம்பிக் கதவும் எச்சரிக்கை மணியும் இரவுக் காவலரும் உள்ள ஓர் அறையைப் பத்தூரிலேயே கட்டுவதற்கு, லண்டனில் நடத்திய வழக்கின் செலவில் எத்தனையில் ஒரு பங்கு ஆகியிருக்கும்? குறைந்தது மார்கழித் திருவாதிரைக்காவது, காவலோடு, அவர் தன் ஊருக்கு வந்து போகக் கூடாதா? இது பக்தியின் கோரிக்கை மட்டும் அல்ல. வென்ற வாதி தீர்ப்பை நிறைவேற்றித் தரச் சொல்லிக் கேட்பது. அந்த மனுவைக் கோயில் தானாக எழுதாது. எழுதத் தெரிந்தவர்கள் இந்த அரங்கில் உட்கார்ந்திருக்கிறீர்கள். திருவாரூருக்கும் பத்தூருக்கும் இடையே கடல் கிடையாது.